மேடம் தேடிய எண்

"அண்ணே, மேடத்தோட பெட்டி செத்துப்போச்சுண்ணே!"

ரூம் சுத்தம் செய்யும் சலேத்து அலறிக்கொண்டு வந்தாள். கொடைக்கானலில் நான் கேர்டேக்கராக இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் அன்று நடந்ததை, இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

மேடம் கல்லூரியில் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர். பெட்டி என்பது அவருடைய கம்ப்யூட்டர். அது சூடாகாமல் ஓட எங்கள் ஊர்க் குளிர்தான் தோது என்று, மழைக்காலம் முழுக்க எங்களிடம் தங்குவார். ராப்பகலாக அது ஒரே எண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கும். இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டுமாம். அந்த எண் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாவிட்டால், அது பகா எண்.

"அப்படி ஒண்ணு கெடைச்சாப் போதும் முருகேசு. ஆயுசு பூராவும் தேடிட்டேன்" என்பார்.

முழங்கால் ஆபரேஷனுக்கு அவர் மதுரை போக வேண்டியிருந்தது. இனி மலை ஏற முடியாது. அதற்குள் இந்தக் கடைசி எண்ணுக்குப் பதில் தெரிய வேண்டும் என்று தவித்தார்.

போய்ப் பார்த்தால், பெட்டிக்குப் பின்னால் வெதுவெதுப்பான காற்று வரும் இடத்தை ஈர ஸ்வெட்டர்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன. சலேத்து காயப்போட்டது.

மேடம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "ஏன் சலேத்து, என் நம்பருக்குக் குளிருதுன்னு போத்திவிட்டியா?"

"மாதாவே! எங்க போட்டாலும் காயலைங்க மேடம்..."

"அழாத. ஃபேன்தான் போயிருக்கு. மாத்துனா விட்ட எடத்துலருந்து ஓடும். என்ன, அப்ப நான் இங்க இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை.

பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். புது ஃபேன் வந்ததும் ஓடவிட்டோம். நான் அதற்குத் திருநீறு பூசினேன். சலேத்து மேலே ஜெபமாலையைச் சுற்றினாள். ஒருநாள் காலையில் திரையில் பதில் வந்திருந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம்... வகுபடுமாம்."

"எதாலன்னு அது சொல்லாது முருகேசு. வகுபடும்னு மட்டுந்தான் சொல்லும்."

"அப்ப இத்தோட முடிஞ்சுதுங்களா?"

"பகா எண்ணுக்கு முடிவே இல்ல. ஆனா நான் தேடுற வகையில இன்னும் மிச்சம் இருக்கான்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாமலா மேடம் தேடுறீங்க?"

"நீ தெரிஞ்சுக்கிட்டா கும்பிடுற?" சிரித்தார். "வெரசா பேனா எடு. அடுத்த நம்பரைச் சொல்றேன்."

விருந்தாளி விட்டுப்போகும் குடை, செருப்பை எல்லாம் பத்திரமாக எடுத்து வைப்போம். அவர்களுடைய ஏக்கத்தையும் அப்படி வைத்துக் காக்க வேண்டியிருக்கும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். பெட்டி இன்னும் ஓடுகிறது. வெள்ளனே எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கும் முன்பு அந்தத் திரையைத்தான் பார்க்கிறேன். பழனியாண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.