கொசுறுப் பெட்டியும் அந்தோணி அண்ணன் குரலும்

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு எதிரிகள் மூன்று: காக்கா, கன்டெய்னர் லாரி, இணையத்தில் கண்ணில் படும் கருவிகளின் விலை. முதல் இரண்டும் ஜன்னலைச் சாத்தினால் கொஞ்சம் அடங்கும். ஒற்றை அறையில் மைக்கை மாட்டி, வாசலில் 'ஸ்டூடியோ' என்று போர்டு வைத்திருக்கும் சக பாவிகளுக்கு மூன்றாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாள் எர்ணாவூரில் ஒரு கம்பெனியின் பாய்லர் முன்னால் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்தில் என் வீட்டு ஸ்டூடியோவில் நிற்கிறேன். இரண்டு இடத்திலும் வியர்வை ஒன்றுதான், ஏனென்றால் ஃபேனைப் போட்டால் அது பதிவில் விழுந்துவிடும்.

அண்ணனின் திட்டம்

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை நடக்கும்போது, இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஒரு புலம்பல் பாடுவது வழக்கம். இருபது வருஷமாக அதைப் பாடுகிறவர் அந்தோணி அண்ணன். ரயில்வேயில் வெல்டர். இந்த வருஷம் அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை, எடுத்துவிடலாம், ஆனால் பழைய குரல் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது. பெரிய வெள்ளியோ அந்த மூன்று வாரத்தை ஒட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் என்னிடம் வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பாட்டைப் பதிந்துவிட வேண்டும், அன்றைக்கு அதை ஸ்பீக்கரில் போட வேண்டும் என்றார். என்ன பக்தி என்று நான் உருகிப்போனேன். காபி குடித்து முடித்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். கோரஸில் அவருக்குப் பின்னால் பத்து வருஷமாக நின்றுகொண்டிருக்கும் பெஞ்சமின், இந்த வருஷம் தன் முறை என்று வீட்டில் பாடிப் பழக ஆரம்பித்துவிட்டாராம்.

"கொரலு போனா போவட்டும்டா சேவி. அந்த எடத்துல பெஞ்சமின் மட்டும் நிக்கக் கூடாது."

கிலோ கணக்கு

ஒரு முறை பாட வைத்துப் பார்த்தேன். அண்ணன் உச்சத்துக்குப் போனால் மைக் அலறியது. இறங்கினால், மனிதர் இருக்கிறாரா எழுந்து போய்விட்டாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இதைச் சமன் செய்யும் கருவிதான் கம்ப்ரஸர். கத்துகிறவனை அடக்கும், முனகுகிறவனைத் தூக்கிவிடும். பாட்டு மாஸ்டர் கையைக் காட்டிச் செய்கிற வேலையைப் பெட்டி செய்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அதில் போட்டதும் அண்ணனின் கரகரப்பெல்லாம் வழித்தெடுத்தது போலப் போய், யாரோ பேங்க் மேனேஜர் பாடியது மாதிரி ஆகிவிட்டது. உலகமே கொண்டாடும் பழைய காலத்துப் பெட்டிகள் உண்டு. அதில் ஒன்றை வாங்கும் காசில் எர்ணாவூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

ஆகவே யானைக்கவுனிக்கு, காதர் பாயின் காயலான் கடைக்குப் போனேன். எப்போதோ மூடிப்போன ஒரு ஃபேக்டரியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. மெஷின் இரைச்சலுக்கு நடுவே முனகும் சூப்பர்வைசரும் கத்தும் மேனேஜரும் ஒரே அளவாகக் கேட்க வேண்டும் என்று அறிவிப்பு மைக்கோடு மாட்டியவை. உள்ளே இருப்பது கம்ப்ரஸரேதான். இணையத்தில் தேடினேன், ஒரே ஒருவன் எழுதியிருந்தான், அவனும் திட்டியிருந்தான். ஒன்று பெரியது, முகப்பில் வரிசையாகச் சின்னப் பல்புகள். மற்றது துருப்பிடித்த சின்னப் பெட்டி, உள்ளே ஒரு கரப்பான் குடும்பம். என் மனசு பெரியதோடு போய்விட்டது. அதைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு கனமா பாய்!" என்று வாயைத் திறந்தது என் தப்பு. நாளைக்கு வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றவர், சின்னதைக் கொசுறாக என் பையில் போட்டார். நல்ல சத்தம் வருமா என்று கேட்டேன்.

"பாடுமா, பேசுமா, நமக்குத் தெரியாது மாமு. நம்ம கடையில எல்லாத்துக்கும் கிலோ கணக்குதான்."

பாய் செய்த உபகாரம்

மறுநாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பெரிய பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கினேன், சுலபமாக வந்தது. மூடியைத் திறந்தால், பெட்டியின் இருதயமான ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பாய் என்னைப் பார்த்ததும், நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னார்.

"நீ கனம்னு பேஜாராயிட்டியே தோஸ்து. உள்ள ஒரு இரும்புக் கட்டி சும்மா குந்திகினு இருந்திச்சி, உனுக்கோசரம் கயட்டிட்டேன். செம்பு தனியா, இரும்பு தனியா காலையிலயே போயாச்சி."

பச்சை விளக்கு

பெட்டி செத்தாலும் பல்புகளுக்கு உயிர் இருந்தது. தனியாக ஒயர் கொடுத்து எரிய வைத்து, மேஜையின் நடுவில் உட்கார வைத்தேன். கொசுறுப் பெட்டியிலிருந்து கரப்பான்களைக் காலி செய்து, துருவைத் தேய்த்து, மேஜைக்கு அடியில் மாட்டினேன். வேறு வழியில்லாமல்தான் மாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆன் செய்ததும் அது காட்டிய வேலையில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. குரலின் கரகரப்பை ஒரு பிசிறு விடாமல் அப்படியே முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்த வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து கானா பாடகர் மாரி வந்தார். போன தடவை என் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துவிட்டு, இது டிடிபி சென்டர் மாதிரி இருக்கிறது என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர். இந்தத் தடவை பச்சை பல்புகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாடினார், கேட்டார், பெரிய பெட்டியின் தலையில் செல்லமாக இரண்டு தட்டு தட்டினார்.

"பெரிய பொட்டி பெரிய பொட்டிதான் நைனா, கொரலு சும்மா கும்முனு கீது. கீய இன்னா அது, ஸ்டெபிலைசரா?"

ஞாயிற்றுக்கிழமை மீன்

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு காலையில் அந்தோணி அண்ணன் பாடினார். கொசுறுப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாடுகிறவர் நிறுத்தியதும் அதற்குக் கை சும்மா இருக்காது. எங்கே மெல்லிய சத்தம் இருக்கிறது என்று தேடி, அதைத் தூக்கிக்கொண்டு வரும். அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாங்கியதுகூட அழுகை மாதிரி விழுந்தது. கடைசி வரி முடிந்தும் சட்டென்று வெட்ட மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் ஓட விட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனிமேல் இந்தக் குரலை இதில் மட்டும்தான் கேட்கப்போகிறோமோ என்று நினைத்துக்கொண்டேதான் பதிவை நிறுத்தினேன்.

அவர் போன பிறகு, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டுக் கேட்டேன். பாட்டு முடியும் நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரம்மா கூவினார். சலித்துக்கொண்டே மறுபடி போட்டேன், அதே இடத்தில் மறுபடியும் கூவினார். கல்மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன் கூவுவதற்கெல்லாம் யாராவது சந்தேகப்படுவார்களா? பாட்டைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா அலுமினியப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"ரெண்டு தபா வாசலுக்கு ஓடிட்டேன். தெருவுல ஈ காக்கா இல்ல. அந்தம்மா எந்தப் பக்கமாதான் போவுது?"

பன்னிரண்டாம் ஸ்தலம்

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அண்ணன் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பேசவில்லை. வீட்டில் எல்லோரும் கெஞ்சியும் ஒரு முனகல்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் செல்போனில் எழுதிக் காட்டினார். வாயைத் திறந்து, குரல் இல்லையென்று தெரிந்துவிட்டால்? அந்தப் பயத்தில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். கோயில் சாமியார், பாட்டைப் போடும் பொத்தானை அமுக்கும் பொறுப்பைப் பெஞ்சமினிடம் கொடுத்திருந்தார்.

பன்னிரண்டாம் ஸ்தலம் வந்தது. கோயில் வளாகம் முழுக்க அண்ணனின் குரல். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், பெஞ்சமினே துடைத்தார். பாட்டு முடிந்தது. எல்லோரும் முழங்காலிட்டோம். அந்த நிசப்தத்தில், நான்கு ஸ்பீக்கரிலும், என் கொசுறுப் பெட்டி எங்கிருந்தோ தேடித் தூக்கிக்கொண்டு வந்த அந்தக் குரல் கிளம்பியது: "வஞ்சிரேம்... சங்கரா... எறா கீது எறா...!"

அப்போதுதான் எனக்கு ஸ்டெல்லாவின் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. மீனவர் குடும்பங்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. பெஞ்சமின் பதறிப்போய் எதையோ திருகினார், எறா இன்னும் சத்தமாக வந்தது. சாமியார் நெற்றியைத் தரையோடு வைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கனமான, கரகரத்த, இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த குரலில். சிரித்தவர் சட்டென்று நிறுத்தித் தொண்டையில் கையை வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். நான் மன்னிப்புக் கேட்க முழங்காலிலேயே நகர்ந்து போனேன். அண்ணன் என் காதைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"கொரலு கீதுடா சேவி... கீதுடா. மொதல்ல போயி பெஞ்சமின்கிட்ட சொல்லிடு."

வேண்டாத சத்தம் எதுவும் விழாத பெட்டிதான் வேண்டும் என்கிற சக பாவிகள் வீட்டை விற்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கொசுறாக வந்ததை நான் கிலோ கணக்கில்கூட யாருக்கும் கொடுப்பதாக இல்லை.