எல்லைக் கல்லில் இருக்கும் சாமி

பழைய ரயில் பாதையோரம் இருக்கும் எங்கள் முனீஸ்வரருக்கு உருவம் கிடையாது. முழங்கால் உயரக் கருங்கல், மேலே ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காட்டை வெட்டி லாபிஸ், பாலோ வழியாக ஜொகூர் பாருவரைக்கும் தண்டவாளம் போட்டபோது கூலியாக வந்த என் பாட்டனார்தான் அந்தக் கல்லைக் கண்டாராம். அதில் மூன்று கோடுகள் மேல்முனையில் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. சாமி சூலத்தைத் தலைகீழாய் மண்ணில் குத்தி வைத்திருக்கிறார் என்று விழுந்து கும்பிட்டார்கள். அன்று தொடங்கிய மஞ்சளும் எண்ணெயும் இன்றுவரை நிற்கவில்லை. விளக்கு வைக்காமல் நான் வேலைக்குப் போனதில்லை.

இந்த வருஷம் மரங்களில் நிலம் அளக்கிறவர்கள் போடும் சிவப்புப் பெயிண்ட் குறி வர ஆரம்பித்தது. முதலில் ஸ்டேஷன் பக்கம். பிறகு ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தில். ஒருநாள் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் வேம்பிலேயே. யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறி மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சர்வேயர் வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். கொட்டகைக்கு வெளியிலேயே பூட்ஸைக் கழற்றினார்.

"அங்கிள், இந்த மஞ்சளக் கொஞ்சம் கழுவிக் காட்றீங்களா? நம்பர் பாக்கணும்."

"சாமி மேல ஏதும்மா நம்பர்?"

"சாமிதான் லா, இல்லேங்கல. ஆனா எங்க மேப்புல இது எல்லைக் கல்லு. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நிலம் அளந்து நட்டது. அந்த மூணு கோடு அவனோட கவர்மெண்டு அடையாளம்."

பொங்கல் பானையோடு நின்ற என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அலமாக்! அப்ப இத்தன வருஷமா வெள்ளைக்காரனுக்கா பொங்க வச்சேன்? அவன் ரொட்டியில்ல தின்பான்!"

அந்தப் பெண் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் கட்டி கட்டியாக வந்தது. கோடுகளுக்குக் கீழே, எங்கள் வீட்டில் யாருமே பார்த்திராத எண்கள் தெரிந்தன.

"கல்ல எடுத்துருவீங்களாம்மா?"

"எடுக்க முடியாது அங்கிள். எல்லைக் கல்ல அசைச்சா குத்தம்."

போன உயிர் வந்தது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "கல்லுக்கு இந்தப் பக்கம் ரயில் நிலம், அந்தப் பக்கம் கம்பெனி வாங்குன நிலம். கொட்டகைக்குன்னு நிலமே இல்ல. அது போயிரும். வேலி வந்தப்புறம் உள்ள யாரும் வர முடியாது."

பிறகு பெயிண்ட் டின்னை எடுத்தார். "மன்னிச்சிரு சாமி," என்று முணுமுணுத்துவிட்டுக் கல்லின் தலையில் சிவப்பை அடித்தார்.

வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் இழுத்த கோட்டில் ரயில் வந்தது, ரயிலோடு எங்கள் ஜனம் வந்தது, கடை வந்தது, காடாய்க் கிடந்த இடம் ஊரானது. ஊரே மாறிய பிறகும் அந்தக் கோடு மட்டும் அப்படியே கிடக்கிறது, நாங்கள் அதன்மேல் சூடம் ஏற்றியிருக்கிறோம். யார் நட்டால் என்ன? பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது நான் ஓடிப்போய் அழுதது இந்தக் கல்லிடம்தான். காப்பாற்றியதும் அதுதான்.

போன வாரம் கொட்டகையைப் பிரித்தார்கள். இன்று காலை கல்லை உள்ளே விட்டுக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். கம்பிக்குள் கையை நுழைத்து, எட்டிய மட்டும் மஞ்சள் பூசினேன். கல்லுக்குப் பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. எவ்வளவு பூசியும் அந்தச் சிவப்பு மறையவில்லை.

"நாளைக்கு எங்கங்க விளக்கு வைக்கிறது?" என்றாள் மனைவி.