பார்த்தெழுதிய வகுப்பு

நேற்றுக் கைப்பேசி வாங்கப் போனேன். "இதுக்குள்ளை எட்டு மூளை இருக்கு ஐயா, எல்லாம் ஒரே நேரத்திலை வேலை செய்யும்" என்றாள் கடைக்காரப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவள் என்ன செய்வாள். பெட்டியின் புது அட்டை மணம்தான் என்னைத் திருகோணமலைக்கு இழுத்துப் போனது.

எழுபதுகளில் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு தொழில்நுட்ப நிறுவகத்தில் படிப்பித்தேன். பல கணினிகள் ஒரே நேரத்தில் ஒரு கணக்கைப் போடும் சமாந்தரக் கணிப்பைச் சீமையில் ஆராய்ந்து திரும்பிய பெரிய மனிதன் நான்; ஊரிலோ ஒரு கணினிகூட இல்லை. கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புவேன். மூன்று கிழமை கழித்து, ஓர் அட்டை பிழை என்று திரும்பி வரும்.

பொறுமை கெட்டு மாணவர்களையே கணினி ஆக்கினேன். ஓரங்களில் சூடாக்கிய தகரத்தின் நடுவில் எவ்வளவு சூடு என்பது கணக்கு. ஒவ்வொரு கதிரையில் இருப்பவரும் தகரத்தில் ஒரு புள்ளி. நான் மேசையில் தட்டியதும், நாலு பக்கத்தாரின் எண்களையும் பார்த்து, கூட்டி, நாலால் பிரித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் எண்ணை மாற்ற வேண்டும்.

"பக்கத்தில உள்ளவ பிழை விட்டா நானும் பிழைதானே சேர்?" என்றாள் கிண்ணியாவிலிருந்து வரும் ஹசீனா.

"ஓம். ஆனா மற்ற மூண்டு பேரும் உம்மைத் திருத்துவினம்."

கழுத்துகள் நாலு திசையும் திரும்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நிறுவகத்தின் அதிபர் உள்ளே வந்தார்.

"பாத்தெழுதவோ படிப்பிக்கிறீர்?"

விளக்கினேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். தாள்களை அள்ளிக்கொண்டு போனார். நடுவில், ஓரங்களுக்குச் சம தூரத்தில் இருந்த ஹசீனாவின் எண்ணும் பக்கத்தவளின் எண்ணும் ஒன்றாக முடிந்திருந்தன. கணக்குச் சரி என்பதற்கு எனக்கு அது சாட்சி. அவருக்குக் களவுக்குச் சாட்சி. கொழும்பில் கணினிப் பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் ஹசீனாவுக்கென்று இருந்தது. அதை வேறு யாருக்கோ கொடுக்க ஆசைப்பட்டிருந்த அதிபருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"பார்க்கச் சொல்லி நான் சொல்லேல்லை எண்டு எழுதித் தாரும். உமக்கு ஒரு கரைச்சலும் வராது."

எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எழுதிக் கொடுத்தேன். ஹசீனாவின் பெயரை வெட்டினார்கள்.

பின்னேரம் கிண்ணியாப் பாதையடிக்குப் போனேன். லொறிகளையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். ஏறுமுன் ஹசீனா திரும்பினாள்.

"நீங்க சொல்லித்தானே சேர் பாத்த நாங்க?"

இன்று அங்கே பாலம். பாதை இல்லை, நிறுவகம் இல்லை, அதிபரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் திட்டித் திட்டியே இவ்வளவு காலத்தையும் ஓட்டிவிட்டேன். ஓம் என்று ஒரு சொல், அவளுக்கு நான் சொல்லவில்லை.