நானூறு மீட்டர் பந்தயத்தின் கேமராக்காரர்

செவ்வாய்க்கிழமை காலை தேனியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஆடித் தள்ளுபடி" என்று மூன்றாவது தடவை இழுத்துச் சொல்லும்போது போன் அடித்தது. பேசியது, எங்கள் கேபிள் சேனல் கேமராக்காரர் ஜபருல்லாவின் தம்பி. "அண்ணே, அண்ணன் மௌத்தாயிட்டாக. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். விளம்பரத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

தெரு முனையிலிருந்து அவர் வீட்டு வாசல்வரை இரண்டு பக்கமும் பைக்குகள் நின்றன. போடி, சின்னமனூர், கூடலூர் என்று பல ஊர் மெக்கானிக்குகளும் ரேஸ் ஓட்டுகிற பையன்களும் வந்திருந்தார்கள். நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னமனூர்க்காரர் பெருமூச்சு விட்டார். "தங்கமான மனுசன். அந்த ஒரு தடவதான் கேமராவ எடம் மாத்தி வச்சுத் தப்புப் பண்ணிட்டாக. மத்தபடி ஒரு சொல்லு சொல்ல முடியாது" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் தலையாட்டல்தான்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு டிராக் ரேஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நேரான சாலையில் இரண்டு பைக்குகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நானூறு மீட்டர். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. பெரிய டிவிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத பந்தயம். அதை எங்கள் உள்ளூர் கேபிள் சேனல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் காட்டியது. படம் ஜபருல்லா, பேச்சு நான். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார்.

அந்த அரை மணி நேரத்தை வாங்கியதே ஒரு கூத்து. சேனல் முதலாளி எங்களை நிற்கவைத்துக் கேட்டார். "பதிமூணு செகண்டுல முடியற பந்தயத்த வச்சு அரை மணி நேரம் என்னத்தய்யா காட்டப் போறீக?" ஜபருல்லா மெதுவாகச் சொன்னார். "பதிமூணு செகண்டு ஓடுறதுக்குத்தான் மொதலாளி. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் கெடக்குல்ல." அந்த ஆறு மாதத்தைத்தான் அவர் எடுத்தார். பட்டறையில் இன்ஜினைப் பிரிக்கிற கை, எடையைக் குறைக்கச் சீட்டைக் கழற்றி எறிகிறவன், பையன் ஓட்டக் கூடாது என்று சண்டை போட்டுவிட்டு ஹெல்மெட் வாரைத் தானே இழுத்து மாட்டிவிடுகிற அம்மா. ஒரு மாதத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் டீக்கடையில் நின்றபடி கிளட்சைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவன் கோட்டைத் தாண்டியதும் படத்தை வெட்ட மாட்டார். பின்னால் வருகிறவன் வந்து சேர்ந்து, வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுகிறவரை கேமரா அவன் மேலேயே இருக்கும். அந்த நேரத்தை நான் பேசி ரொப்ப வேண்டும். "நீங்க கேத வீட்டுல படம் எடுக்க வேண்டிய ஆளு மாமா" என்று கத்துவேன். "தோத்தவன் வீட்லயும் டிவி இருக்குல்ல மாப்ளே" என்பார்.

முடிவுக் கோட்டில் கேமராவை வைப்பது அவருக்குத் தொழுகை மாதிரி. கோட்டின் மேல் கயிறு பிடித்து, அதே கயிற்றைச் சாலை ஓரம்வரை இழுத்துக்கொண்டு வந்து, ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். கேமராவின் அடியில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்ப்பார். கொத்தனார் கெட்டார். காரணம் எளிது. கேமரா கோட்டுக்கு இரண்டடி முன்னதாக நின்றுவிட்டால், பக்கத்துத் தடத்தில் வருகிற வண்டி முந்தியது போலவும் தூரத்துத் தடத்து வண்டி பிந்தியது போலவும் படத்தில் தெரியும். "கண்ணு பொய் சொன்னா ரெண்டு பேருக்குத்தான் தெரியும், கேமரா பொய் சொன்னா ஊருக்கே போயிரும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஒவ்வொரு வாரமும் நான் கொட்டாவி விடுவேன்.

சின்னமனூர்க்காரர் சொன்ன அந்த நாள், ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு சித்திரை வெயில். இன்னும் திறக்காத புறவழிச்சாலையில் அனுமதி வாங்கி நடந்த போட்டி. நேரம் காட்டும் விளக்கு மதியத்துக்கு மேல் பழுதாகிவிட்டது. நெருக்கமாக வந்தால் டிவி படத்தைப் பார்த்து முடிவு சொல்லலாம் என்று போட்டி நடத்தியவர்கள் தீர்மானித்தார்கள். ஜபருல்லா இன்னொரு கேமராவோடு புறப்படும் இடத்துக்குப் போனார். போகும்போது என்னிடம், "பட்டன மட்டும் அமுக்கு மாப்ளே. வேற எதையும் தொட்றாத" என்றார்.

நான் தொட்டேன். மண்டை பிளக்கிற வெயில். கோட்டுக்கு முன்னதாக இரண்டு எட்டு தள்ளி ஒரு பெரிய குடை நட்டிருந்தார்கள். மைக்கையும் பிடித்துக்கொண்டு பட்டனையும் அமுக்கிக்கொண்டு வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று ஸ்டாண்டைத் தூக்கிக் குடைக்குக் கீழே வைத்தேன். கோடு படத்தில் தெரிந்தது, எனக்கு அது போதும். கடைசிப் போட்டியில் பக்கத்துத் தடத்தில் போடிப் பையன் ஒருவன், தூரத்துத் தடத்தில் பழனிசெட்டிபட்டித் தமிழ்ச்செல்வி. ஒரு இருசக்கர வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிற பெண். ஜெயிக்கிறவருக்குச் சென்னைப் பக்கம் நடக்கிற பெரிய போட்டியில் இடம். இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். கொடி பிடித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். போடிப் பையன் அரைச் சக்கரம் முன்னால் இருந்தான். நான் தொண்டை கிழிய அவன் பெயரைச் சொன்னேன். பிறகு யாரும் பார்ப்பதற்குள் ஸ்டாண்டைச் சுண்ணாம்பு வட்டத்துக்கே கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலம் படத்தைத் தொகுக்க உட்கார்ந்தபோது அவர் ஒரே இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். "கோட்டுக்குப் பின்னாடி ஒரு கரண்டுக் கம்பம் தெரியணுமே, எங்க மாப்ளே?" என்றார். குடைக்குக் கீழே நகர்த்தியதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "யாருக்கும் தெரியாது மாமா, அப்படியே போட்ருவோம்" என்று கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கி பத்து மணிக்கு எந்த வாயால அவன் ஜெயிச்சான்னு சொல்லுவ?"

மறுநாள், ஒருநாளும் கேமராவுக்கு முன்னால் வராத மனிதர் வந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். "நேத்து முடிவுக் கோட்டுல இருந்த எங்க கேமரா எடம் மாறியிருந்துச்சு. அந்தப் படத்த வச்சு யாரு ஜெயிச்சாகன்னு சொல்ல முடியாது. தப்பு எங்களோடது" என்றார். "எங்களோடது" என்றார், என் பெயரைச் சொல்லவில்லை. கேமராக்காரரே வந்து சொன்னதால் தப்பும் அவருடையது என்று சுற்றுவட்டாரம் முழுக்க முடிவுகட்டிவிட்டது.

போட்டி நடத்தியவர்கள் அடுத்த வாரம் இருவரையும் மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஜபருல்லாவை மட்டும் கேமராவோடு உள்ளே வரக் கூடாது என்றார்கள். சேனல் வேறு ஆளை அனுப்பியது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல மைக்கைப் பிடித்தேன். அவர் தடுப்புக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தார். அந்தத் தடவை விளக்கு வேலை செய்தது. தமிழ்ச்செல்வி தெளிவாகத் தோற்றாள்.

எனக்கு அற்பமான ஒரு நிம்மதி வந்தது. "பாத்தீகளா மாமா, பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றேன். "இன்னைக்கி அவ தோத்தத அவளே பாத்துட்டா. போன வாரம் நாம காட்டுனதத்தான் பாத்தா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு சீசன் அவர் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்தே காலம் தள்ளினார். மறுபடி கூப்பிட்டபோது ஒரு குறையும் சொல்லாமல் கயிறோடும் சுண்ணாம்போடும் வந்து நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் அவர் பேசவே இல்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்து நானும் வசதியாக மறந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது தமிழ்ச்செல்வி அவர் வீட்டு வாசலில் நின்றாள். இப்போது பழனிசெட்டிபட்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறாள், இன்னமும் ஓட்டுகிறாள். சின்னமனூர்க்காரர் சொன்னது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கி கேமராவ நகத்துனது அவுக இல்லம்மா, நான்" என்றேன்.

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "தெரியும்ணே. கோட்டத் தாண்டும்போதே பாத்தேன். குடைக்குக் கீழ கேமராவோட நீங்கதான் நின்டிருந்தீக."

"அப்ப ஏம்மா யார்ட்டயும் சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். மாமாதான் வேணாம்னாக. 'அவன் சொல்லுவான் தாயி, கொஞ்சம் பொறு'ன்னாக." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் ஒரு தடவ கேட்டேன். அப்பயும் அதேதான் சொன்னாக."

ஜபருல்லாவைத் தெரிந்தவர்களே, உத்தமபாளையத்துக்காரர்களே, சின்னமனூர் அண்ணாச்சி, கேமராவை நகர்த்தியவன் நான். நிழலுக்காக நகர்த்தினேன். அவர் வைத்த இடம் சரியாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இதை என் வாயாலேயே சொல்லப் போகிறேன்.

அவர் எடுத்த படங்கள் சேனலில் இருக்கின்றன, கயிறும் நட்டும் தம்பியிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது வேறு. ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நான் என்றைக்காவது சொல்லுவேன் என்று ஒரு மனிதர் என்னை நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாரம் பிந்திவிட்டது.