முன்சக்கரம் தரை தொடாத டிராக்டர்

ஆர்லின் வாஸ்பெர்க் ஓட்டுவது பால் லாரி. மனசு உட்கார்ந்திருப்பது என்னவோ டிராக்டரில்தான். அயோவாவின் சோளக்காட்டுச் சாலைகளில், விடிகாலை மூடுபனிக்குள், பண்ணை பண்ணையாக நிறுத்திப் பால் ஏற்றுவான். லாரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவன் கண்ணுக்குள் நாலு பிஸ்டன்கள் மெல்ல மெல்ல ஏறி இறங்கும். நீலநிற நெருப்பு ஒன்று விரிந்து அடங்கும். அந்த மயக்கத்தில் ஒருநாள் கேலன் பண்ணையைத் தாண்டி அடுத்த ஊருக்கே போய்விட்டான்.

கேலன் போன் போட்டான். "ஏன்யா, எங்க மாட்டுப் பால் கசக்குதா?"

"வந்துட்டே இருக்கேன்டா."

"எங்க, கனவுலயா?"

கேலனும் பழைய டிராக்டர் இழுவைப் போட்டிக்காரன்தான். பச்சை டிராக்டர் வைத்திருந்தான், மூன்று தடவை முழு தூரம் இழுத்தவன். அந்தத் திமிர் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. ஆர்லினுடையது சிவப்பு. இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் பிறந்தது. பதினோரு கோடைக்காலமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான், ஒரு தடவைகூட முந்நூறு அடிக் கோட்டைத் தொட்டதில்லை. அந்தக் கோட்டைத் தொட்டால்தான் முழு இழுப்பு. செத்துப்போவதற்குள் ஒரே ஒரு முழு இழுப்பு வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. வேறு எதையும் அவன் கடவுளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

இழுவை என்றால் சும்மா கல்லைக் கட்டி இழுப்பது இல்லை. பின்னால் சங்கிலியில் மாட்டுகிற சறுக்குவண்டியில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கும். டிராக்டர் முன்னே போகப் போக, அந்தப் பெட்டியும் வண்டிமேல் முன்னே நகர்ந்து வரும். முதல் அடியில் இறகு, கடைசி அடியில் மலை. எங்கேயோ ஓரிடத்தில் அநேகமாக எல்லா டிராக்டரும் முக்கி நின்றுவிடும்.

போன குளிர்காலம் முழுக்க ஆர்லின் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. சிலிண்டரை அகலக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டான். காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக நசுங்கட்டும் என்று சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினான். தீப்பொறி ஒரு கண்சிமிட்டு முன்னதாக விழும்படி திருப்பிவைத்தான். வெளியே பனி கொட்டும். உள்ளே அவன் விளக்கடியில் ஒரு வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஏதோ சொல்லப்போவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான். மனைவி ட்வைலா சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள். ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவாள்.

"அந்த டிராக்டரையே கல்யாணம் பண்ணிட்டு இருக்கலாம் நீ" என்றாள் ஒருநாள்.

"கேட்டேன். அது ஒத்துக்கல."

வசந்தத்தில் முதல்முறை எஞ்சினைக் கிளப்பியபோது கொட்டகைத் தகரம் நடுங்கியது. அடேயப்பா, என்ன சத்தம்! பழைய கிழட்டு இருமல் போய், ஆழத்திலிருந்து ஒரு உறுமல். இந்தத் தடவை தொட்டுவிடுவோம் என்று ஆர்லினுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது.

ஜூலையில், பக்கத்து மாவட்டத் திருவிழா. ஓட்டுகிறவனையும் சேர்த்து நிறுத்துத்தான் போட்டிக்குள் விடுவார்கள். போட்டிப் பிரிவுக்கு உள்ள எடையைத் தாண்டினால் வெளியே. தராசில் ஏறினான். கொஞ்சம் கூடுதல். இறங்கி, கருவிப்பெட்டியைக் கழற்றினான். ஏறினான். அப்போதும் கூடுதல். முன்பக்கம் தொங்கிய இரும்புப் பாளங்களில் ஒன்றைக் கழற்றினான். இன்னும் ஒன்று. கடைசியில் பூட்ஸையும் கழற்றி ட்வைலா கையில் கொடுத்துவிட்டு, காலுறையோடு ஏறி உட்கார்ந்தான். தராசுக்காரர் தலையாட்டினார்.

பாதி தூரம்வரை சொர்க்கம். அதற்கப்புறம் முன்சக்கரங்கள் எழுந்தன. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். குளிர்காலம் முழுக்கச் சேர்த்த பலம் அத்தனையும் வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. ஆர்லினுக்கு எதிரே பாதை இல்லை, மேகம்தான் இருந்தது. வெள்ளையாக, சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்திலும் அது அழகாகத்தான் இருந்தது. கவிழ்ந்துவிடுவோம் என்று எஞ்சினைத் தணித்தான். கோட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது கதை முடிந்தது.

"பறக்கிறதுக்கு லைசென்ஸ் வாங்கிட்டியா?" என்றான் கேலன்.

அன்று இரவுச் சாப்பாட்டில், சோளக்கதிருக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ட்வைலா ஆரம்பித்தாள்.

"ஆர்லி, அந்த சீட்டு எங்க இருக்கு? பின்சக்கரத்துக்கும் பின்னால. நீ அதுல உக்காந்தா மூக்கு தூக்காம என்ன செய்யும்?"

"அதுக்குத்தான் முன்னால இரும்பு தொங்கவிடறோம்."

"எங்க தொங்கவிட்ட? ஒவ்வொண்ணா கழட்டித்தானே எடைக்குள்ள வந்த. பெட்டியக் கழட்டின, இரும்பக் கழட்டின, பூட்ஸக் கழட்டின. கழட்ட வேண்டியது எதுன்னு மட்டும் உனக்குத் தோணவே இல்ல."

ஆர்லினுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவன் எடை முந்நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. அவளோ அதில் பாதி. அறுவடைக் காலத்தில் தானிய வண்டிகளை இழுத்து ஓட்டியே வளர்ந்தவள்.

"நான் இல்லாம அது போகாது" என்றான்.

"நீ இருக்கறதாலதான் போகல."

பாவி, எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! கதிரைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாளும் அதற்கு மறுநாளும் கொட்டகைப் பக்கமே போகவில்லை. லாரியில் போகும்போது கண்ணுக்குள் பிஸ்டன்கள் ஓடத்தான் செய்தன. ஆனால் சீட்டு காலியாக இருந்தது. அந்தக் காலி சீட்டோடு டிராக்டர் பனிக்குள் தானாகப் போய்க்கொண்டே இருந்தது, எங்கும் நிற்காமல். அதைப் பார்க்க அவனுக்கு வயிறெரிந்தது. மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போய், தனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் இரும்பாக டிராக்டரின் மூக்கில் தொங்கவிட்டான். தன் உடம்பிலிருந்தே வெட்டி மாட்டியதுபோல் இருந்தது.

ஆகஸ்டில் சொந்த மாவட்டத் திருவிழா. பன்றிக்கறி வறுக்கும் வாசனை, எலுமிச்சைச் சாறு விற்கிற குரல், வேலி நெடுக ஊர்ஜனம். ஆர்லின் வேலியோரம் நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ட்வைலா தலைக்குட்டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். அவனைப்போல் எடுத்த எடுப்பில் முழுவேகம் கொடுக்கவில்லை. சங்கிலி விறைக்கும்வரை பொறுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். எஞ்சின் குரல் எழுந்தது. பதினோரு கோடையாக அதன்மேலேயே உட்கார்ந்திருந்தவன் அதை வெளியே நின்று கேட்டதே இல்லை. இவ்வளவு நல்ல குரலா இதற்கு! புழுதி பொன்னிறமாக எழுந்து மெதுவாக மிதந்தது. நூறு அடி. இருநூறு. முன்சக்கரங்கள் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் மிதந்தன. உலகமே நீருக்கடியில் போய்விட்டதுபோல் ஆர்லினுக்கு இருந்தது.

"விடாத, விடாத, விடாத" என்று அவன் வாய் முணுமுணுத்தது.

இருநூற்றைம்பதில் எஞ்சின் முனகியது. அவன் கை தானாக வேலிக்கம்பியை முறுக்கியது. ட்வைலா சீட்டில் முன்பக்கம் சாய்ந்தாள். சக்கரம் ஒருமுறை மண்ணைக் கீறியது, பிடித்தது, நகர்ந்தது. வெள்ளைக்கோடு அவளுக்குக் கீழே போயிற்று.

"முழூ இழுப்பு!" ஒலிபெருக்கி அலறியது. "ட்வைலா வாஸ்பெர்க்!"

கேலன் தொப்பியைக் கழற்றினான். "யோவ், அழறியா?"

"புழுதி."

"எனக்கும் அதே புழுதிதான்யா அடிக்குது."

ஆர்லின் ஓடினான், அந்த உடம்போடு அவன் ஓடி ஊர் பார்த்ததே இல்லை. அவள் இன்னும் சீட்டிலேயே இருந்தாள். முகமெல்லாம் மண், கண் மட்டும் பளபளத்தது. கைகள் இரண்டும் ஸ்டியரிங் வளையத்தை விடவில்லை.

"இத்தன வருஷமா இதுக்காகத்தான் சூப்ப ஆறவிட்டியா?" என்றாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"இப்படி இருக்கும்னு சொல்லல."

அவன் சூடான எஞ்சின்மேல் கைவைத்தான், சுட்டது, எடுக்கவில்லை.

"சரி, இறங்கு. நான் ஓட்டிக்கிட்டுப் போய் ட்ரெய்லர்ல ஏத்தறேன். அடுத்தவங்க காத்திருக்காங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஆர்லி, தப்பா நெனைக்காத" என்றாள் சின்னக் குரலில். "எனக்கு இறங்க மனசு வரல."

அது எப்படிப்பட்ட நோய் என்று அந்த ஊரில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆர்லின் குனிந்து, சங்கிலியைச் சறுக்குவண்டியிலிருந்து கழற்றிவிட்டு, கையசைத்தான்.

"போ. பார்த்துப் போ."

அவள் கிளம்பினாள். அவன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் நடந்தான்.