முதுகில் ஒட்டிய மூன்று எழுத்து

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் பாதிக் கார்களுக்குப் பின்புறம் மொட்டை. கம்பெனிச் சின்னம் மட்டும் இருக்கும். எந்த மாடல், என்ன எஞ்சின் என்பதற்கு ஓர் எழுத்து இருக்காது. யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கார் வாங்கப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. விற்பனைக்காரர் ஒரே கம்பெனியின் சின்னது ஒன்றும் பெரியது ஒன்றும் காட்டினார். "எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டேன். "ஐந்தரை" என்றார். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டரா, இதென்ன லாரியா என்று பதறிப்போனேன். அவர் சொன்னது நூறு கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர். இங்கே கணக்கைத் தலைகீழாகத்தான் போடுவார்கள்.

கடைசியில், "பின்னால் எழுத்து வேண்டாம்தானே?" என்று கேட்டார். அதற்குத் தனிக் காசு கேட்கிறாரோ என்று பயந்து வேண்டாம் என்றேன். "நல்லது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?" என்று மெச்சிக்கொண்டார். பெரிய எஞ்சின்காரன் கண்பட்டுவிடும் என்று மறைக்கிறான், சின்ன எஞ்சின்காரன் மானம் போகும் என்று மறைக்கிறான். கேட்டால் இரண்டு பேரும் எளிமை என்கிறார்கள். நல்லா இருக்குது இவர்கள் எளிமை.

எங்கள் விருத்தாசலத்தில் எளிமைக்கு இடமே கிடையாது. அங்கே என் அண்ணன் ப்யூஸ் கேரியர் செய்யும் சின்ன செராமிக் பட்டறை நடத்துகிறான். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, மாதம் ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது கார் வாங்குவது என்று முடிவானது. அங்கேயும் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல். சின்ன வண்டியிலும் டிக்கி வைத்த நீள வண்டியிலும் அதே இரண்டு எஞ்சின்தான்: ஒரு பெட்ரோல், ஒரு டீசல். எஞ்சின்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் போனில் படித்துப் படித்துச் சொன்னேன். அந்தப் பெட்ரோல் எஞ்சின் சின்ன வண்டிக்கென்று செய்தது, நீள வண்டியை இழுக்கத் திணறும். சின்ன வண்டியில் டீசல் எடு, நீள வண்டியின் பெட்ரோல் விலையும் அதன் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன்.

"டிக்கி இல்லாம அது என்னா வண்டி? பாதியில வெட்டுன மாதிரி இருக்குது. நாலு பேரு என்னா நெனப்பாங்க?" என்றான் அண்ணன்.

நாலு பேரு! என் அண்ணன் வாழ்க்கையை இன்றுவரை நடத்துவது அந்த நாலு பேர்தான். நீள வண்டியைப் பெட்ரோலில் எடுத்தான். ஏசி போட்டால் பாலம் ஏற மூச்சு வாங்கியது. அதுகூடப் பரவாயில்லை. விலை கூடின டீசல் எடுக்க வக்கில்லை என்று ஊர் பேசுமாம். கடலூரில் ஒரு கடையில் டீசல் வண்டிக்கு உண்டான மூன்று வெள்ளி நிற எழுத்துகளை வாங்கிவந்து வண்டியின் முதுகில் ஒட்டிவிட்டான். போட்டோ வேறு அனுப்பினான்.

அப்பாவுக்கு மறுபடி வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மா பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள, அண்ணன் கிளம்பினான். ஊரைத் தாண்டியதும் பங்க்கில் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்து நான் போன் செய்தேன். "டேங்க்க ரொப்புங்க" என்று பங்க்காரரிடம் சொல்லிவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் பயப்படாத, நம்ம வண்டியில பறந்துடலாம்" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னான்.

வண்டி பங்க்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், இருமி, வெள்ளைப் புகை கக்கி நின்றது. நான் இன்னும் போனில்தான் இருந்தேன். அண்ணன் திரும்பி ஓடும் சத்தமும், மூச்சிரைப்பும், அவன் கத்தியதும் அப்படியே கேட்டது.

"யோவ், என்னாய்யா போட்ட?"

"டீசலு சார். பின்னாடி எழுதியிருக்கிறதத்தான சார் போட்டேன்!"

போன் அறுந்துபோனது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் சேதி வந்தது. செராமிக் கக்கூஸ் பேசின்களை வைக்கோல் சுற்றி ஏற்றிவந்த ஒரு டெம்போக்காரர், பாதிச் சரக்கை ரோட்டோரம் இறக்கிவிட்டு அப்பாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனாராம். ஊருக்காக வாங்கிய நீள வண்டி ரோட்டில் நிற்க, அப்பா பேசின்களுக்கு நடுவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். உயிர் தங்கியது. ஆனால் நேரம் கடந்ததில் இதயம் பாதி கெட்டுவிட்டது, இனி மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு வெட்கம் வந்ததா? பங்க்காரர் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போகிறேன் என்று குதித்தான். குறையைத் தாளில் எழுதி முருகனிடம் புகாராகக் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாதான் கேட்டாள்: "யாரு மேலடா கட்டுவ? போட்டவன் மேலயா, ஒட்டுனவன் மேலயா?" கோயிலுக்குப் போகவில்லை. எழுத்தையும் எடுக்கவில்லை, பிய்த்தால் பெயின்ட் போய்விடுமாம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. போன வாரம் போனில் அப்பாவிடம் அண்ணனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உன் வண்டி முதுவுல என்னாம்மா எழுதியிருக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. மொட்ட."

"அட! நடுவழியில நின்னுட்டா, அதுக்கு என்னா போடணும்னு அங்க யாருக்குத் தெரியும்?"

சன்னலுக்கு வெளியே பெயரில்லாத முதுகுகள் வரிசையாக நின்றன. என்னுடையது எது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

"இங்க பங்க்ல யாரும் போடமாட்டாங்கப்பா," என்றேன். "நாமளேதான் போட்டுக்கணும்."