வெறுங்காலில் நின்றவர்

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு அத்தானைப் பற்றி அளந்தார்கள். பட்டாளத்துக்காரர், கணக்கு வாத்தியார், இருபத்தாறு வருடம் எங்கள் பேண்டை நடத்தியவர் என்றதெல்லாம் சரி. மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது இசைக்கு அவர் கொடுத்த மரியாதை என்று தையல்காரர் மூக்கை உறிஞ்சியபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அவருக்குக் காது கேட்காது. அதை முழுசாக அறிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர், காலமாகிவிட்ட என் அக்காவின் கணவர். ராணுவ பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். சண்டை மூண்டால் பேண்டுக்காரர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். தூக்கப் போன இடத்தில் பக்கத்தில் குண்டு விழுந்து இடது காது போயிற்று. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மாலையில், உதிரிபாகக் கடைக்கு மேலே மரப்பலகை பாவிய மாடியில், தையல்காரர், நர்ஸ், பஸ் கண்டக்டர் என்று பதினாறு பேரைச் சேர்த்துப் பழக்கினார். எனக்கு டிரம்ஸ். பகலெல்லாம் வண்டி ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தட்டுவது புதிதா என்ன?

சுருதி பிசகினால் எரிந்து விழுவார். அறுபது தாண்டியதும் யாரையும் திட்டுவதில்லை. வயது ஏற ஏற மனுஷன் தங்கமாகிவிட்டார் என்று மெச்சினார்கள். வலது காதும் அடைத்துக்கொண்டு வந்தது என்பதுதான் உண்மை. கிட்டத்தில் சத்தமாகப் பேசினால் மட்டும் கொஞ்சம் புரியும். ஒருநாள் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"மச்சான், யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா இறக்கிடுவாங்க. இதுவும் இல்லைன்னா எனக்கு என்னடா இருக்கு?"

அன்றிலிருந்து வெறுங்கால். மாடியைப் போலக் கச்சேரி மேடைகளும் பலகைதான். நான் பெரிய டிரம்மின் பெடலை மிதிக்க மிதிக்க, அதிர்வு பலகை வழியே அவர் பாதத்துக்குப் போகும். அதைப் பிடித்துக்கொண்டு கையசைப்பார். ஆறு வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன வருடம் அவருடைய பள்ளிக்கூடத்திலேயே புது அரங்கம் திறந்தார்கள். எங்கள் கச்சேரி. அதற்கான ஒத்திகையில் நான் தாளத்தை ஓட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன அவசரம்? வீட்ல அடுப்பு எரியுதா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

கச்சேரிக்கு முந்தின நாள் டிரம்ஸ் இறக்கப் போனேன். மேடை சிமென்ட். மிதித்துப் பார்த்தேன், ஒரு அசைவும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பலகை போட்டுச் சமாளித்திருப்போம். சொல்லவில்லை. என் அருமை தெரியட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன், பாவி.

முதல் அடி விழுந்ததும் அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என் முழங்காலைப் பார்த்துப் பார்த்துக் கையசைத்தார். பாதிப் பேர் அவர் கையோடு போனார்கள், பாதிப் பேர் என் டிரம்மோடு. அவரிடம் படித்தவர்களே கொல்லென்று சிரித்தார்கள். அது கேட்கவில்லை அவருக்கு, பார்த்தார். நடுவிலேயே கையைத் தாழ்த்திவிட்டு இறங்கிப் போனார். ஆள் தடுமாறுகிறார், ஓய்வெடுக்கட்டும் என்று மறுநாளே முடிவுகட்டிவிட்டார்கள்.

"முந்தின நாள் போனியே, தரையைப் பார்க்கலையா?" என்று அத்தான் கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"விடு மச்சான். உன்னாலதான் ஆறு வருஷம் நின்னேன்."

பேண்டுக்காரர்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஞாயிறுதோறும் போவேன். கொஞ்சநஞ்சம் கேட்டதும் நின்றுபோனது. எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். ஒரு ஞாயிறு, தரையைப் பார்த்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எழுதியே விட்டேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்னடா எழுதினே?"

சாப்பிட்டீர்களா என்று கையால் காட்டினேன்.

"ஆச்சுடா. நீ சாப்பிட்டியா?" என்றார்.

அந்த வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார்.